அப்டேட் கெடுத்த கணினியில் கார்ட்டானாவை என்ன செய்வது?

2019 ஆகஸ்ட் 30ஆம் தேதி விண்டோஸ் 10க்கு ஒரு அப்டேட் வந்தது. எண் கேபி4512941. விண்டோஸ் 10இன் 1903 என்ற எண் கொண்ட பதிப்பு வைத்திருப்பவர்களுக்கானது. கட்டாயமில்லை, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்ற வகை. போட்டவர்களில் சிலருக்குக் கணினி சும்மா இருக்கும்போதே ஃபேன் இரையத் தொடங்கியது. எந்தப் புரோகிராம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பட்டியலின் உச்சியில் கார்ட்டானா, விண்டோஸோடு சேர்ந்தே வந்த குரல் உதவியாளர். பிராசஸரில் 30, 40 சதவீதத்தை அது ஒன்றே பிடித்துக்கொண்டிருப்பதாகப் பலர் சொன்னார்கள். எதையும் தேடவில்லை, யாரும் அதைக் கூப்பிடவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் கார்ட்டானாவை விரும்பாதவர்கள். தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் மைக்ரோசாஃப்டின் தேடுதளமான பிங்குக்குப் போய் விடை கொண்டுவரும் பழக்கத்தை, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து நிறுத்தி வைத்திருந்தவர்கள். இணையத் தேடலை நிறுத்திய கணினிகளில் மட்டுமே இந்தக் கோளாறு வருகிறது என்று மைக்ரோசாஃப்டும் பிறகு ஒப்புக்கொண்டது. சும்மா விட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கார்ட்டானா இன்று இல்லை. 2023இல் மைக்ரோசாஃப்டே அதை விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. ஆனாலும் பழைய பதிப்பிலேயே நின்றுபோன கணினிகள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய கணினிகளில் அதே இடத்தில் கோபைலட் என்ற மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்காமல் வந்த உதவியாளரை எப்படி வெளியேற்றுவது, அதற்கு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கார்ட்டானா விஷயத்தில் வழிகள் எல்லாமே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டதால், அதை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்டேட் கோளாறு ஒரு பிரச்சினை. கார்ட்டானா வேண்டாம் என்பது வேறு பிரச்சினை. முதலாவது சில நாளில் தானாகத் தீரக்கூடியது. இரண்டாவதைத் தீர்க்க நீங்கள் செய்யும் மாற்றமோ வருடக்கணக்கில் கணினியில் கிடக்கும். ஃபேன் இரைகிற எரிச்சலில் இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கப் போனவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள்.

காத்திருப்பதா, அப்டேட்டை எடுப்பதா

மேலே சொன்ன கோளாறுக்கு மருந்து செப்டம்பர் 10ஆம் தேதி கேபி4515384 என்ற அப்டேட்டில் வந்தது. அதாவது கோளாறு வந்த பதினோராம் நாள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தவருக்கு ஆன செலவு அவ்வளவுதான்: பதினோரு நாள் சூடான லேப்டாப்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு அப்டேட்டை நீக்கும் வழி இருந்தது. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய், அப்டேட் வரலாற்றைத் திறந்து, அங்கிருந்து அன்இன்ஸ்டால் செய்யலாம். ரீஸ்டார்ட் ஆனதும் கணினி முந்தைய நிலைக்குப் போய்விடும். இது நல்ல வழியா கெட்ட வழியா என்பது நீக்கப்போகிற அப்டேட் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஆகஸ்ட் 30இல் வந்தது விருப்ப அப்டேட். அதை நீக்கினால் ஆகஸ்ட் நடுவில் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அப்படியே இருக்கும். நஷ்டம் எதுவும் இல்லை. செப்டம்பர் 10இல் வந்தது அப்படியல்ல. அது மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்பு அப்டேட். அதைப் போட்ட சிலருக்கு ஸ்டார்ட் மெனுவும் தேடலும் வேலை செய்யவில்லை என்று புகார் கிளம்பியது. அதே பட்டனை அழுத்தி அதையும் நீக்கலாம்தான். ஆனால் அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தமும் கூடவே போய்விடும். இந்தத் திருத்தங்கள் ஒரே மூட்டையாக வருவதால், வேண்டாததை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

நீக்கிய பிறகு அது திரும்ப வந்து ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1903 பதிப்பிலிருந்து, ஹோம் என்ற வீட்டுப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் அப்டேட்டை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. ஒரு அழுத்தலுக்கு 7 நாள், மொத்தம் 35 நாள். அதற்குமேல் நிறுத்த வேண்டுமானால் நிலுவையில் இருப்பதை ஒருமுறை போட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் அப்டேட் கோளாறுக்கு இந்த இணை போதும்: விருப்ப அப்டேட் என்றால் நீக்கு, நிறுத்திவை, திருத்தம் வந்ததும் போடு. பாதுகாப்பு அப்டேட் என்றால் வேலையே ஓடாத நிலை வந்தால் தவிர நீக்காதே.

விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. தேடல் பெட்டி ஒன்றுக்காக அது தேவையில்லை. லினக்ஸுக்கு மாறச் சொல்பவர்களும் உண்டு; டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிற கணினியில் அந்தப் பேச்சு எடுபடாது.

சுவிட்சுகள்: இருந்தது, எடுத்தார்கள்

இனி இரண்டாவது பிரச்சினை. 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தபோது கார்ட்டானாவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. ஆன், ஆஃப், முடிந்தது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்த 1607 பதிப்பில் அந்தச் சுவிட்சைத் தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு செட்டிங்ஸில் மிஞ்சியவை சில்லறைச் சுவிட்சுகள்: ‘ஹே கார்ட்டானா’ என்றால் காதுகொடுக்க வேண்டுமா, பூட்டிய திரையில் பேசலாமா, தேடிய வரலாற்றை வைத்துக்கொள்ளலாமா என்பதுபோல.

இவற்றை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். பெரும்பாலோரின் கவலை மைக் திறந்திருக்கிறதே என்பதுதான். அதற்கு ‘ஹே கார்ட்டானா’வை அணைத்து, பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதியையும் எடுத்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை, எதுவும் உடையாது, எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். கார்ட்டானாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் நம் வீடுகளில் அதை ஆசையாகக் கூப்பிட்டுப் பேசியவர்களும் குறைவு, இழப்பும் குறைவு. ஆனால் பின்னணியில் அது ஓடுவதை இந்தச் சுவிட்சுகள் நிறுத்தாது. நினைவகம் குறைவான பழைய கணினியில் அதுவே கவலை என்றால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

பேச்சு என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து, புதுக் கணினியை முதல்முறை திறந்ததும் கார்ட்டானா ஸ்பீக்கரில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பேசத் தொடங்கும். ஒரு கணினி என்றால் சரி. அலுவலகத்துக்கு வாங்கிய இருபது கணினிகளை வரிசையாக வைத்து ஆன் செய்பவருக்கு இருபது குரல்கள், ஒன்றுக்கொன்று ஒரு நொடி பிந்தி. பின்னர் வந்த ஒரு பதிப்பில் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளுக்கு அந்தக் குரலை மௌனமாக்கினார்கள். வீட்டுப் பதிப்புக்குத் தொடர்ந்தது.

பாலிசி: கொஞ்சம் சுற்று, ஆனால் நேர் வழி

சுவிட்சை எடுத்த மைக்ரோசாஃப்ட், நிறுவனங்களுக்கென்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. புரோ பதிப்பில், நிர்வாகிகள் கணினிக்கு விதிகள் போடும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், சர்ச் என்று உள்ளே போனால் ‘அலவ் கார்ட்டானா’ என்று ஒரு வரி இருக்கும். அதை டிஸேபிள்டு ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் கார்ட்டானா ஒதுங்கிவிடும். கணினிக்குள் இருக்கும் ஃபைல்களையும் புரோகிராம்களையும் தேடுவது வழக்கம்போல நடக்கும். அந்த வரிக்குக் கீழே விளக்கமாகவே இதை எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ஹோம் பதிப்பில் பாலிசி எடிட்டர் கிடையாது. அதே பலனை ரெஜிஸ்ட்ரியில் பெறலாம். லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று இறங்கி, அங்கே ‘விண்டோஸ் சர்ச்’ என்ற கீ (உட்பிரிவு) இல்லையென்றால் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்குள் ‘அலவ்கார்ட்டானா’ என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டி, டிவேர்டு என்ற எண் வகையில் மதிப்பு 0 கொடுக்க வேண்டும். கை வைப்பதற்கு முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்வது நல்லது. திரும்பக் கார்ட்டானா வேண்டும் என்றால் நீங்கள் உருவாக்கிய மதிப்பை அழித்தால் போதும்.

இங்கேதான் பலர் குழம்பினார்கள். பாலிசியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் கார்ட்டானா என்ற பெயர் நிற்கும். அணையவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் கடுமையான வழிகளைத் தேடிப் போவார்கள். அந்தப் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, விவரங்களுக்குப் போ என்று கொடுத்தால், அது உண்மையில் சர்ச்யூஐ என்ற புரோகிராம் என்று தெரியும். ஸ்டார்ட் மெனு பக்கத்திலிருக்கும் தேடல் பெட்டியே அதுதான். அந்தக் காலத்தில் தேடலையும் கார்ட்டானாவையும் ஒரே ஃபோல்டரில் கட்டி வைத்திருந்ததால் தேடல் பெட்டிக்கும் கார்ட்டானாவின் பெயரே ஒட்டிக்கொண்டது. சும்மா இருக்கும்போது அது சில பத்து எம்பி நினைவகம் எடுத்துக்கொண்டு தூங்கும். அதைக் கொல்லப் போனால் சாவது தேடல்.

தொட வேண்டாதவை

கொல்லப் போனவர்களும் உண்டு. சிஸ்டம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் கார்ட்டானாவின் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிடுவது அப்போது பிரபலமான வைத்தியம். பெயர் மாற்றியதும் கார்ட்டானா நிஜமாகவே போய்விடும். கூடவே தேடல் பெட்டியும் செத்துவிடும். கிளிக் செய்தால் எதுவும் திறக்காது. அடுத்த பெரிய அப்டேட் வந்து அந்த ஃபோல்டரைப் பழையபடி கொண்டுவந்து வைத்துவிடும், நீங்கள் மறுபடி பெயர் மாற்ற வேண்டும். லாபமே இல்லாத வேலை. 1909 வரையிலான பதிப்புகளில் இதை யார் பரிந்துரைத்தாலும் கேட்காதீர்கள்.

2020 மே மாதம் வந்த, 2004 என்ற எண் கொண்ட பதிப்பில் நிலைமை மாறியது. தேடலைத் தனியாகப் பிரித்து, கார்ட்டானாவைச் சாதாரண ஆப் ஆக்கினார்கள். அதன்பிறகு, கட்டளைகளைத் தட்டி ஓடவிடும் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் அதை நீக்கிவிடலாம். தேடல் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாது. ஆகவே, நீக்கலாமா என்ற கேள்விக்கு விடை பதிப்பு எண்ணில் இருக்கிறது. ரன் பெட்டியில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பு எண் தெரியும். 1909 அல்லது அதற்கு முந்தையது என்றால் பாலிசி. 2004 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் நீக்கம். இதைப் பார்க்காமல் யூடியூபில் பார்த்த கட்டளையை ஓடவிடுவது வீண் வம்பு.

சிலர் தனியார் கருவிகளை நாடுவார்கள். ஓ அண்ட் ஓ என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் ஷட்அப்10 இவற்றில் பேர்பெற்றது. இலவசம், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும், மாற்றுவதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லும். கருவியில் குறையில்லை. பயன்படுத்துகிற விதத்தில்தான் எனக்குத் தயக்கம். பச்சையாகத் தெரிகிற எல்லாச் சுவிட்சையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு மூடிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஏதாவது ஒன்று வேலை செய்யாது. எந்தச் சுவிட்சால் என்று கண்டுபிடிக்க முடியாது. பயன்படுத்துவதானால் கார்ட்டானா தொடர்பான வரிகளை மட்டும் மாற்றுங்கள். பெரிய அப்டேட் வந்தபின் மறுபடி திறந்து எது பழையபடி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே மதிப்பு, இரண்டு விளைவு

இப்போது முதலில் சொன்ன கோளாறுக்கு வருகிறேன். 2019இல் கணினிகளைச் சூடாக்கியது ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் ‘பிங்சர்ச்எனேபிள்டு’ என்ற மதிப்பு. அதை 0 ஆக்கினால் தேடல் பெட்டி இணையத்துக்குப் போகாது. அதை 0 ஆக்கி வைத்திருந்தவர்களைத்தான் ஆகஸ்ட் அப்டேட் பதம்பார்த்தது. திரும்ப 1 ஆக்கியதும், அல்லது அந்த மதிப்பை அழித்ததும், ஃபேன் அடங்கியது.

ஐந்து மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 5ஆம் தேதி, உலகம் முழுக்க விண்டோஸ் 10 தேடல் பெட்டிகள் வெறும் கறுப்பாகத் திறந்தன. கணினிக்குள் இருக்கிற கால்குலேட்டரைக்கூடத் தேட முடியவில்லை. அப்டேட் எதுவும் வரவில்லை. மைக்ரோசாஃப்டின் சர்வர் பக்கம் நேர்ந்த பிரச்சினை அது. இணையத்திலிருந்து வர வேண்டிய விடை வராததால் உள்ளூர்த் தேடலும் சேர்ந்து முடங்கியது. அன்று கைகொடுத்த வைத்தியம் எது தெரியுமா? அதே மதிப்பை 0 ஆக்குவது, கூடவே ‘கார்ட்டானாகன்சென்ட்’ என்ற இன்னொன்றையும் 0 ஆக்குவது. ஆகஸ்டில் நோயாக இருந்தது பிப்ரவரியில் மருந்தானது.

பிப்ரவரிச் சம்பவம் கார்ட்டானா வெறுப்பாளர்களுக்கு நல்ல வாதம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. என் கணினியில் இருக்கும் ஃபைலை நான் தேட, எங்கோ இருக்கும் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அநியாயம்தான். இணையத் தேடலை நிறுத்த விரும்புவதில் தவறே இல்லை. எந்தக் கம்பியைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். இந்த மதிப்பு பயனருக்கான கிளையில், தேடல் பெட்டி தன் சொந்தக் கணக்குகளை எழுதிவைக்கும் இடத்தில் இருப்பது. அதை வெளியாள் மாற்றுவார் என்று எதிர்பார்த்து யாரும் சோதிப்பதில்லை. பாலிசீஸ் என்ற கிளைக்குள் இருப்பவை அப்படியல்ல. ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை நம்பி இருப்பதால் அவை உடைந்தால் புகார் உடனே போகும், திருத்தமும் வேகமாக வரும். பிந்தைய பதிப்புகளில் இணைய விடைகளை நிறுத்த ‘டிஸேபிள்சர்ச்பாக்ஸ்சஜஷன்ஸ்’ என்ற பாலிசி மதிப்பை 1 ஆக்கும் வழி உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆக, என் கணக்கு இது. வீட்டில் ஒரே லேப்டாப், கவலை மைக் பற்றி மட்டும் என்றால் சுவிட்சுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் மாறிமாறி உட்காரும் கடைக் கணினி என்றால் பாலிசி. ஒருமுறை போட்டால் எந்தக் கணக்கில் நுழைந்தாலும் பொருந்தும், யாரும் தெரியாமல் ஆன் செய்துவிட முடியாது. வைத்தியம் எதுவாக இருந்தாலும் அப்டேட் கோளாறு நடந்துகொண்டிருக்கும் வாரத்தில் அதைச் செய்ய வேண்டாம். அப்போது செய்தால், சரியானது நீங்கள் செய்ததாலா, புதிய திருத்தம் வந்ததாலா என்று தெரியாமலே போய்விடும்.

கோபைலட் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 11இல் 2023 செப்டம்பர் இறுதியில் கோபைலட் ஓரப்பலகையாக வந்தபோது அதை அணைக்க ‘டர்ன் ஆஃப் விண்டோஸ் கோபைலட்’ என்ற பாலிசி இருந்தது. 2024இல் அதைத் தனி ஆப்பாக மாற்றியதும் அந்தப் பாலிசி புதிய ஆப்பைக் கட்டுப்படுத்தவில்லை. பாலிசி நிலையானது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈடாக வேறொன்று கிடைத்தது: செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் மற்ற ஆப்களைப் போலவே அதை அன்இன்ஸ்டால் செய்யலாம். கார்ட்டானாவுக்கு ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த வசதி இதற்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆகவே இங்கே ரெஜிஸ்ட்ரி, கருவி எதுவும் வேண்டாம்; அன்இன்ஸ்டால் ஒன்றே போதும்.

புதிய லேப்டாப்களில் கோபைலட் கீ ஒன்று வருகிறது. அதைப் பிடுங்க முடியாது. பர்சனலைசேஷன் பகுதியில் டெக்ஸ்ட் இன்புட் என்ற இடத்தில் அந்தக் கீயை அழுத்தினால் தேடல் திறக்கட்டும் என்று மாற்றிவைக்கலாம்.

2025 மார்ச்சில் வந்த விண்டோஸ் 11 அப்டேட் சிலரது கணினியிலிருந்து கோபைலட்டைத் தவறுதலாக அன்இன்ஸ்டால் செய்து, டாஸ்க்பாரிலிருந்தும் எடுத்துவிட்டது. அது கோளாறு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆப் வேண்டுபவர்கள் ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம், டாஸ்க்பாரில் தாங்களே பொருத்திக்கொள்ளலாம் என்றது. வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு அந்த மாதம் வேலை மிச்சம்.